உடையாத ஸ்பிரிங்

மூன்றாவது ஸ்பிரிங்கும் உடைந்ததும் துருதுரு நேராக முலாம் அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். வீட்டிலிருந்து கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த இரண்டு துண்டுகளையும் முலாம்காரரின் மேசைமேல் ணங்கென்று போட்டாள். மனிதர் அப்போதுதான் டீயை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

“பாருங்க. இதுவும் போச்சு. உங்க தொட்டியில என்னத்தக் கரைச்சு வச்சிருக்கீங்க?”

“காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா?” என்றார் முலாம்காரர். “தொட்டி நல்லாத்தான் இருக்கு. எடுத்த கையோட அடுப்புல வச்சேன். சாயங்காலம் வரைக்கும் சுட்டேன். இதுக்கு மேல சுடணும்னா என்னையே தூக்கி உள்ள வச்சாத்தான் உண்டு.”

“அப்ப ஏன் உடையுது?”

“அதை ஸ்பிரிங்கைக் கேளு.”

முலாம் பூசிய எஃகுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்ததும் அடுப்பில் வைத்துச் சில மணி நேரம் சுட வேண்டும். சுடாமல் விட்டால் வெளியே பளபளவென்று மின்னிக்கொண்டே உள்ளே கண்ணாடியாகிவிடும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று போய்விடும். ஸ்பிரிங் உடைந்தால் முலாம்காரரின் சட்டையைப் பிடி என்பது அந்தப் பட்டறையில் வாசல் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். அதனால் துருதுரு வேறு எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை. நேரம் இருந்தாலும் அதை உட்கார்ந்து செலவழிக்கிற ரகம் அவள் இல்லை.

அது விளையாட்டுச் சாமான் செய்கிற பட்டறை. கையால் அமுக்குகிற கிரிப், நெஞ்சை விரித்து இழுக்கிற ஸ்பிரிங், டம்பெல், நடுவரின் விசில், பரிசுக் கோப்பை, தூண்டில் முள், ஈயக் குண்டு என்று உலோகத்தில் ஆகக்கூடிய எல்லாம் அங்கே ஆகும். துருதுரு ஸ்பிரிங் சுற்றுகிறவள். வயது நாற்பதைத் தொட்டுவிட்டது, இன்னும் கால் தரையில் பாவாது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும். தன் வேலையை முடித்த கையோடு அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பாள். எச்சில் பட்டால் ஊமையாகிவிடுகிற விசிலுக்குள் ஒரு தகட்டை வளைத்து வைத்து அதற்குக் குரல் கொடுத்தது அவள்தான். டம்பெல்லின் எடைத் தட்டுகள் நழுவாமல் பிடிக்கிற பூட்டும் அவள் யோசனைதான். பட்டறை முதலாளி அவளைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார், நிறையச் சந்தோஷப்படுவார்.

ஆனால் ஒன்று. தூண்டில் முள்ளைக் குவியல் குவியலாகப் பார்த்தவள், வாழ்க்கையில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. சும்மா உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய எந்த வேலையும் அவளுக்கு ஆகாது.

மீன் பிடிக்கிறவன் அவள் அண்ணன். பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவன் என்று சொல்ல வேண்டும். போன மழையில் டூ வீலர் சறுக்கி விழுந்து, வலது தோளில் நரம்புகள் அறுந்துபோயின. கை இருக்கிறது, பார்த்தால் நல்ல கைதான். ஆனால் அது தோளிலிருந்து வெறுமனே தொங்குகிறது. விபத்துக்கு முன்னால் வாராவாரம் லீவு நாளில் ஏரிக்கரையில் தூண்டில் கம்போடு போய் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அசையமாட்டான். இப்போது அவனால் எங்கேயும் உட்கார முடியவில்லை. வாசற்கதவிலிருந்து பின்கதவு வரை நடப்பான், பின்கதவிலிருந்து வாசற்கதவு வரை நடப்பான். ஜன்னலைத் திறப்பான், மூடுவான். டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

“வீட்டுக்குள்ள நடந்த நடையை ரோட்ல நடந்திருந்தா இந்நேரம் எந்த ஊருக்கோ போய்ச் சேர்ந்திருப்பாரு,” என்பாள் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

தூண்டில் கம்புகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் ஒன்றை எடுத்துப் பின்கட்டில் வைத்து இடது கையால் வீசிப் பார்த்தான். தூண்டில் நரம்பு துணிக்கொடியில் சிக்கி, கம்பு கீழே விழுந்து, ரீல் உருண்டோடியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பக் கட்டிலுக்கடியில் தள்ளினான். மாடி ஜன்னலிலிருந்து துருதுரு பார்த்தாள். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அந்த மாடி அறையில்தான் இருக்கிறாள். அன்று, எதுவும் கேட்காமல் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவன் அண்ணன். அதே வலது கையால்.

அண்ணன் தூண்டில் வீசிப் பார்த்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். அண்ணனைத் திரும்பவும் அந்த ஏரிக்கரையில் கொண்டுபோய் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று. சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டினாள். இடுப்பில் கட்டுகிற பட்டை, அதில் தூண்டில் கம்பின் அடியைத் தாங்குகிற ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குக் கீழே ஒரு ஸ்பிரிங். மீன் கடித்து இழுத்தால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கிற கொக்கி விடுபடும். ஸ்பிரிங் கம்பை வெடுக்கென்று மேலே தூக்கி மீன் வாயில் முள்ளை ஏற்றும். பக்கத்தில் இருக்கிற சுருள், தூண்டில் நரம்பைத் தானாகச் சுற்றும். ஆள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

முடிந்ததும் வீட்டில் காட்டினாள். பட்டையை அண்ணி மாட்டிவிட்டாள். அதன் பக்கிளை மாட்ட இரண்டு கை வேண்டும் என்பது துருதுருவின் கண்ணில் படவே இல்லை. நரம்பின் நுனியைப் பிடித்து அவளே மீன் மாதிரி ஓர் இழு இழுத்தாள். கம்பு துள்ளியது, சுருள் கிர்ரென்று சுற்றியது. அண்ணி கை தட்டினாள்.

“நல்லாருக்கு,” என்றான் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவளுக்கு. “உன்கிட்டயே இருக்கட்டும், பழகிக்கோ. ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம்,” என்று விட்டுவிட்டு வந்தாள். சனிக்கிழமை ஸ்பிரிங் உடைந்திருந்தது. ஏரி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. புது ஸ்பிரிங் போட்டாள். அடுத்த சனிக்கிழமை அதுவும் உடைந்தது. இப்போது மூன்றாவது.

போதாக்குறைக்கு முதலாளி வேறு மூக்கை நீட்டிவிட்டார். ஸ்பிரிங் மாற்ற அவள் தன் மேசைக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு, “இது தங்கம்மா, தங்கம்! கையில்லாதவனுக்கு மட்டுமா? சோம்பேறி எல்லாரும் வாங்குவான்,” என்று குதித்தார். வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வைத்துக் காட்டிவிடு, உன் அண்ணனே செய்து காட்டட்டும், அதுதான் எடுபடும் என்றார். அண்ணனிடம் சொன்னபோது அவன் மறுக்கவே இல்லை. “ஸ்பிரிங் நல்லா இருந்தா வர்றேன்,” என்றான்.

ஆகவே நான்காவது ஸ்பிரிங்குக்கு முலாமே வேண்டாம் என்று முடிவு செய்தாள். துருவே பிடிக்காத கம்பியை எடுத்தாள். தானே சுற்றினாள், தானே சுட்டாள், நூறு தடவை அமுக்கி விட்டுப் பார்த்தாள். கையோடு அதே கம்பியில் இன்னொன்றும் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். நான்காவதை வியாழக்கிழமை வீட்டில் மாட்டிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி கண்ணைப் பார்க்காமல் இரண்டு துண்டுகளைக் கொடுத்தாள்.

துருதுருவுக்கு அழுகை வந்தது. பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. இந்தத் தடவை சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லை. கம்பியும் அவளுடையது, அடுப்பும் அவளுடையது. மேசைக்குப் போனதும் முதல் தடவையாக உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மூன்று ஸ்பிரிங் உடைந்தும் இதைச் செய்யாமல் முலாம் அறைக்கு ஓடியது தன்னுடைய புத்திக்கோளாறு என்பது பார்த்த உடனே அவளுக்குப் புரிந்தது.

தானாக உடைந்த ஸ்பிரிங்கின் வாய் வெட்டினாற்போல இருக்கும். இது அப்படியில்லை. கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து, நைந்து, கடைசியில் விட்டிருந்தது. உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் எதனாலோ நசுக்கிய தடம். தடத்துக்குள் ஒரு துணுக்கு நீல பெயின்ட்.

கைக்குட்டையில் கிடந்த பழைய துண்டுகளை அவிழ்த்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நீலம்.

அவர்கள் வீட்டில் நீலமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். பின்கதவு.

“எங்க போற? கிரிப் ஸ்பிரிங் எல்லாம் பாக்கி இருக்கு!” என்று முலாம்காரர் கத்தினார். “நீங்க நல்லவருதான், தெரியாம பேசிட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள். மன்னிப்பு கேட்கப்பட்டதை அந்த மனிதர் புரிந்துகொள்வதற்குள் அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் கதவைத் தட்டவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே கண்ட காட்சியில் அவளுக்குக் கோபம் பாதி மறந்துபோனது.

துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அண்ணி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆள்காட்டி விரலில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. நரம்பு காயப்போட்ட போர்வைக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. இந்தப் பக்கம் அண்ணன். இடுப்பில் பட்டை, பட்டையின் கிண்ணத்தில் கம்பு; ஸ்பிரிங்கும் இல்லை, சுருளும் இல்லை. கம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, நரம்பு ஒரு விரலின்மேல் ஓட, அசையாமல் நின்றான். அண்ணி ஒரு பக்கத்தைப் புரட்டினாள், படித்தாள், கொட்டாவி விட்டாள், திடீரென்று விரலை வெட்டினாள். அண்ணனின் கை அதே நொடியில் கம்பைத் தூக்கியது.

“ஐயோ, விரலு!” என்றாள் அண்ணி.

“பெரிய மீனு,” என்றான் அண்ணன்.

துருதுரு போர்வையை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். “இது எந்தக் கதவோட பெயின்ட்டு?” என்று உடைந்த துண்டோடு கையை நீட்டினாள்.

அண்ணி பத்திரிகையை மூடினாள்.

“நான் அப்பவே சொன்னேன், தங்கச்சிகிட்ட சொல்லிடுங்கன்னு,” என்றாள் அண்ணி. “கேட்டாத்தானே? எனக்கு இங்க மீன் வேஷம் வேற.” விரலிலிருந்து நரம்பை அவிழ்த்துவிட்டு, பத்திரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“எப்படி உடைச்ச?” என்றாள் துருதுரு. ஏன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். தொழில் புத்தி முந்திக்கொண்டது.

அண்ணன் பின்கதவைக் காட்டினான். “கீல் பக்கம் சந்துல ஒரு நுனியைச் சொருகி, காலால கதவைச் சாத்துவேன். கதவு கவ்விக்கும். அப்புறம் கொறடால புடிச்சு அங்கயும் இங்கயும் ஆட்ட வேண்டியதுதான். நாலாவது ரொம்ப கஷ்டப்படுத்திடுச்சு. நல்ல கம்பி.”

“நல்ல கம்பியா!” அவளுக்கு வந்ததே கோபம். “வாயைத் தொறந்து வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே? ஒரு பாவமும் அறியாத மனுஷனோட நான் மல்லுக்கட்டிட்டு நிக்கறேன். நீ இங்க கதவுல வச்சு முறிச்சிட்டிருக்க. நான் என்ன உனக்கு எதிரியா?”

“எப்படிச் சொல்றது? ராப்பகலா செஞ்ச. அதைக் கொண்டுவந்து நீட்டறப்ப உன் மூஞ்சி இருந்த இருப்பு… ஸ்பிரிங்கை உடைக்கறது சுலபமா இருந்துச்சு.”

அவன் கம்பைக் கதவில் சாய்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தான். கொடிக்கும் கதவுக்கும் இடையில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

“இப்ப பஸ்ல நான் டிக்கெட் வாங்கிட்டுப் போறேன். சரி, போகட்டும். உங்க அண்ணி சட்டை பட்டன் போட்டு விடறா. அதுவும் போகட்டும். மீன் கடிக்கறது ஒண்ணாவது என் கைக்குத் தெரியணும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேக்காது, இந்த விரல்ல வந்து சொல்லும். அதுக்குத்தான் நாள் பூரா உக்காந்திருப்பேன். நீ செஞ்சது அருமையான மிஷின். அது மீன் பிடிக்கும். பக்கத்துல நான் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு வீட்லயே நடக்கலாம்.”

மீன் கடித்தால் விரலில் எப்படி இருக்கும் என்று துருதுருவுக்குத் தெரியாது. தெரியாமலேயே, அந்த ஒன்றை மட்டும் பார்த்து எடுத்துத் தூர எறிகிற ஒரு கருவியை அவள் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, தன் வேலை வீணாகிவிட்ட ஆத்திரமும் இருந்தது. அதை மறைப்பானேன்?

“பட்டையைக் கழட்டு,” என்றாள்.

அவன் பக்கிளைத் தடவினான். ஒரு கையால் வரவில்லை. “உங்க அண்ணியைக் கூப்பிடணும்,” என்றான். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பக்கிளும் கண்ணில் பட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்கப் பட்டறையில் அவள் சேர்த்ததைவிட எடுத்தது அதிகம். ஸ்பிரிங் தாங்கி போனது, சுருள் போனது, கொக்கி போனது. கிண்ணம் மட்டும் இருந்தது. ரீலில் கட்டைவிரலால் அமுக்குகிற ஒரு சின்ன பிரேக் வைத்தாள். பக்கிளுக்குப் பதிலாக ஒரு கையால் மாட்டுகிற கொக்கி செய்தாள். அவசரத்தில் செய்ததால் அது அவ்வளவு திருத்தமாக வரவில்லை. ஐந்தாவது ஸ்பிரிங் பையிலேயே கிடந்தது. அதை வெளியே எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு முதலாளி மடக்கு நாற்காலிகளோடு வந்திருந்தார். வியாபாரி வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்து சேற்றைக் கண்டு தயங்கினார். அண்ணன் அவர்களைக் கவனிக்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தான், காற்றைப் பார்த்தான், ஒரு கல்லைக் காலால் தள்ளிச் சரிசெய்து உட்கார்ந்தான். இரண்டு வீச்சு கரையிலேயே விழுந்தது. மூன்றாவது தண்ணீருக்குள் போனது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வியாபாரி கடிகாரம் பார்த்தார். முதலாளி வியாபாரியைப் பார்த்தார். துருதுரு கரையில் மேலும் கீழும் நடந்தாள். தண்ணீருக்குள் இறங்கி ஒரு மீனைப் பிடித்து முள்ளில் மாட்டிவிட்டு வந்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அண்ணனின் விரல் நிமிர்ந்தது. கம்பு மேலே போனது, வளைந்தது, நரம்பு விர்ரென்று ஓடியது. பிரேக்கை அமுக்கினான், விட்டான், அமுக்கினான். தண்ணீர் ஒரு இடத்தில் உடைந்து பெரிய வால் ஒன்று தெரிந்தது. “ஸ்பிரிங், ஸ்பிரிங் எங்க? தூக்கலையே!” என்று முதலாளி எழுந்தார். அதே நேரம் இடுப்புக் கொக்கி நழுவி, பட்டை சரிந்து, கம்பு சாய்ந்தது. நரம்பு தொய்ந்துபோனது.

மீன் போய்விட்டது.

“போயிருச்சே,” என்றார் வியாபாரி, யாருக்கோ இரங்கல் சொல்வதுபோல.

முதலாளி துருதுருவைத் தனியே கூப்பிட்டார். “உடையாத ஸ்பிரிங் ஒண்ணு செஞ்சேன்னு சொன்னியே, இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். பையிலதான் இருக்கு. தாங்கியும் எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“மாட்டு. அஞ்சு நிமிஷ வேலை. அது இல்லேன்னா இது என்ன? வெறும் பட்டை. அவர் இப்ப கிளம்பிடுவாரு.”

அவள் கை பைக்குள் போனது. ஸ்பிரிங் விரலில் தட்டுப்பட்டது. சில்லென்று, திருத்தமாக, அவள் இதுவரை சுற்றியதிலேயே சிறந்தது. அதை மாட்டினால் அடுத்த மீன் தப்பாது. அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் மீனைத் திட்டிக்கொண்டிருந்தான். முன்னெல்லாம் குறுக்கே வருகிற லாரிக்காரர்களைத் திட்டுவானே, அதே வார்த்தைகள், அதே உற்சாகம். கை போன பிறகு அவன் எதையும் யாரையும் திட்டியதில்லை. திட்டிக்கொண்டே, புது இரையைக் கோக்க முள்ளைப் பல்லில் கவ்வினான்.

“மாட்ட மாட்டேன் சார்,” என்றாள். ஸ்பிரிங்கையும் தாங்கியையும் எடுத்து முதலாளியின் கையில் வைத்தாள். “இதை நீங்க எடுத்துக்குங்க. நாளைக்குப் பட்டறையில வேற ஆளை வச்சுக் காட்டிடறேன், நல்லா விக்கும். எங்க அண்ணன்மேல இது வேணாம்.”

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நாற்காலிகள் மடங்கின, கார் கிளம்பியது.

அவள் திரும்பி வந்தபோது நரம்பு மறுபடி தண்ணீருக்குள் இருந்தது. அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவளால்தான் நிற்க முடியவில்லை. கல்லைப் பொறுக்கினாள், போட்டாள், அந்தக் கொக்கியை வேறு எப்படி வளைத்திருக்கலாம் என்று காற்றில் விரலால் வரைந்தாள்.

“உன் நிழல் தண்ணியில விழுது. உக்காரு,” என்றான். உட்கார்ந்தாள். “கொக்கி திரும்ப நழுவுது. இதைக் கொஞ்சம் பிடி,” என்று கம்பை அவள் கையில் கொடுத்தான். “நரம்பை விரல்மேல விடு. இறுக்காத.”

அவள் பிடித்தாள். நரம்பு விரலில் லேசாக உரசியது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தாள். அப்போது தண்ணீருக்கடியிலிருந்து யாரோ அவளைத் தொட்டார்கள். டொக் என்று ஒரு தட்டு. மறுபடி ஒரு தட்டு. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அண்ணா! என்னமோ பண்ணுது! அண்ணா, இந்தா, பிடி, பிடி!”

“கத்தாத. காத்திரு.”

“நீ வா! உனக்குத்தான் தெரியும்!”

“என் கை இங்க மாட்டிட்டிருக்கு,” என்றான், இடுப்பைக் குனிந்து பார்த்தபடி. “பொறு… பொறு… இப்ப இழு!”

அவள் இழுத்தாள். ஏரியே திரும்ப இழுத்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. கம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உதவிக்குத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் இடது கை இன்னும் இடுப்புக் கொக்கியின்மேலேயே இருந்தது. கொக்கியை அவன் எப்போதோ மாட்டி முடித்திருந்தான்.